அந்தாதிச் சொல்லாட்டும் மொழிமுதல் மரபும்

ஒருவர் கூறிய சொல்லின் ஈற்றெழுத்தை முதலாகக் கொண்டு மற்றவர் வேறொரு சொல் கூறுதல், நண்பர் கூடியவிடத்து நிகழும் எளிய விளையாட்டாகும். பொழுதுபோக்கென ஒதுக்கப்படும் இவ்விளையாட்டு இலக்கணம் பயில்வார்க்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவது அந்தாதி. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி இவ்வகையினது. அந்நெறியையே இவ்விளையாட்டுச் சொல்லளவிற் கொள்கின்றது. ‘அவை’ என ஒருவர் தொடங்கின், ‘வைகை’ என்பர் அடுத்தவர். பின்னர்க் ‘கைதை’, அதன்பின் ‘தையல்’. இங்கே தொடர் அறுகின்றது. லகர மெய் மொழிக்கு முதலாகாது. தொடரை அறுத்தவரே தோற்றவர் என வகுத்துக்கொள்ளின், ஆட்டம் இலக்கணப் பயிற்சியாகிவிடும்.

நன்னூலார் மொழிமுதல் எழுத்துக்கள் 22 என்றும், ஈற்றெழுத்துக்கள் 24 என்றும் வரையறுத்தனர். ஈற்றில் நிற்கும் மெய் 11-இல் ஒன்றும் தனித்து முதலாகாது. உயிர்மெய்யிலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டன் வருக்கமும் முதலாகா. ஆகவே ‘மலை’, ‘நிலா’, ‘பாட்டு’ என்பன கூறியவரைத் தோற்பிக்கும் சொற்கள்.

இந்நூற்பாக்களைப் பல்லாண்டு கற்பித்த யாமே, நண்பரோடு ஆடியபொழுது ‘அறிவு’ என்று கூறித் தோற்றோம். வகரம் மொழிமுதலாகும் என்பது நினைவில் இருந்தது. உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரோடு கூடி அது முதலாகாது என்பது அவ்வேளையில் தோன்றவில்லை. ஓதியறிதல் வேறு, உற்றவிடத்து உதவுமாறு அறிதல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

பொருள்வழிச் சொல்லைத் தேடுதல் நமக்கு இயல்பு. எழுத்துவழித் தேடுதல் அரிது. ஒரு நிமிடத்துள் குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கூறச் செய்தல் மருத்துவ உளவியலார் கையாளும் சோதனைகளுள் ஒன்று. முன்னர்க் கூறியதை மறவாமை, விதியைக் காத்தல், புதியது தேடல் ஆகிய மூன்றும் அதற்கு ஒருங்கே வேண்டும். எனினும், இவ்வாட்டம் முதுமையின் மறதியைத் தடுக்கும் எனத் துணிந்துரைத்தல் பொருந்தாது. பயின்ற திறன் பெரும்பாலும் பயின்ற துறையிலேயே வளரும். நமது துறை சொல்லே ஆதலின், அவ்வளவே அமையும்.

‘லட்டு’, ‘ரயில்’ போன்ற சொற்களை ஏற்பதா விலக்குவதா என்னும் வழக்கும் ஆட்டத்தில் எழும். அவ்வழக்கைத் தீர்க்க முயலும் மாணவர், மொழிமுதல் மரபையும் கடன்சொல் வரவையும் தாமே ஆராயத் தொடங்குவர். தனித்திருந்து மனப்பாடம் செய்வார்க்கு இவ்வினா எழுவது அரிது. எதிரிருந்து மறுக்கும் நண்பரே அதனை எழுப்புவர்.