மலையைக் காணும் உரிமை

பல தலங்களில் மலைமீது இறைவன் கோயில் கொண்டிருப்பான். திருவண்ணாமலையில் மலையே இறைவன். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடந்து வலம் வரும் இலட்சக்கணக்கானோர், தம் வலப்புறத்தே கண்டுகொண்டு செல்வது சிவலிங்கத் திருமேனியையே. எனவே அங்கே இயற்கைக் காட்சி வேறு, தரிசனம் வேறு அன்று. அம்மலையை மறைத்துக் கட்டடம் எழுப்புவது, கருவறை வாயிலில் திரையைக் கட்டிவிட்டு எடுக்க மறந்தது போலாகும்.

யம லிங்கத்தைக் கடந்ததும் தென்மேற்கே மலையடிவாரம் காப்புக்காடாக இருப்பதால், காட்சி இன்றும் பிழைத்திருக்கிறது. அடி அண்ணாமலையை நெருங்கிய பிறகு நிலைமை வேறு. வீடுகள், விடுதிகள், தனியார் மண்டபங்கள் ஆகியவற்றின் இடைவெளிகளில்தான் மலை தலைகாட்டுகிறது. நகருக்குள்ளிருந்து ஒற்றைச் சிகரமாகத் தோன்றும் அண்ணாமலை, வடபுறம் வந்தால் ஐந்து முகங்களாக விரியும். பஞ்சமுக தரிசனம் என்று அடியார்கள் நின்று கைகூப்பும் காட்சி அது. அதற்கும் இப்போது இடம் தேடி நிற்க வேண்டியிருக்கிறது.

இவையனைத்தும் ஆக்கிரமிப்பு என்று சொல்லிவிட முடியாது. வங்கியில் வீட்டுக்கடன் பத்திரங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பழுதின்றி இருக்கும். சொத்து விவரத்தில் எழுதப்படும் நான்கெல்லைக்குள் மலை வராது; ஆயினும் மனையின் விலையை ஏற்றுவது மலைதான். ‘மாடியிலிருந்தே மலை தரிசனம்’ என்று சொல்லித்தானே விற்கிறார்கள்! அந்த மாடிக்குக் கிடைக்கும் தரிசனம் பின்னால் இருப்பவருக்கு இல்லாமற் போவதைப் பதிவு செய்ய எந்தப் பத்திரத்திலும் இடமில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் இடையறாது அனுபவித்த வழியையும் வெளிச்சத்தையும் காற்றையும் உரிமையாகக் கோரலாம். காட்சியை அவ்வாறு கோர இயலாது.

இழப்பு யாருக்கு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, கோபுர வாசலோடு நிறுத்தப்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களுக்கும் அண்ணாமலையார் காட்சி தந்தார். வயலில் நின்று நிமிர்ந்தால் போதும். மலைக்கு வாயிற்காப்போன் எவரும் இல்லை. கார்த்திகைத் திருநாளில் 2,668 அடி உயரச் சிகரத்தில் மகாதீபம் ஏற்றப்பட்டதும், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் அதை வாசலிலிருந்தே கண்டு வணங்கிய பின்னரே வீட்டு விளக்கை ஏற்றுவர். கிரிவலப் பாதையின் வெளிப்புறத்தில் எழும் உயர்ந்த கட்டடம் வலம் வருவோருக்கு மலையை மறைப்பதில்லை. பின்னாலிருக்கும் இந்த வாசல்களுக்கு மறைக்கிறது. முழங்கால் வலியோடு மாடி ஏற இயலாத மூதாட்டிக்கு அந்த வாசலன்றி வேறு சந்நிதி ஏது?

வழி இல்லாமல் இல்லை. மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாதென 1997இல் அரசாணை பிறந்தது. மீறல்களும் வழக்குகளும் உண்டு. என்றாலும், மீறல் என்று சுட்டிக்காட்டவாவது ஓர் அளவுகோல் இருக்கிறது. கோபுரத்துக்கு வகுத்ததை மலைக்கும் வகுக்கலாம். உயர வரம்போடு, பாதையின் உட்புறத்தில் எவ்வளவு தூரம் தள்ளிக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே வகுக்க வேண்டும். பாதையை ஒட்டி எழும் இரண்டு மாடி வீடே அருகில் நடப்பவருக்கு மலையை மறைத்துவிடும்.

அண்ணாமலையில் மனை வாங்க விழைவோர் பெரும்பாலும் பக்தர்களே. இவ்விதழை வாசிப்போரிலும் சிலர் இருக்கலாம். பத்திரம் பார்க்கச் செல்லும் நாளில் மனைக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்று நடந்து சென்று பாருங்கள். அவர்கள் வாசலில் நின்று மலையை ஒருமுறை தரிசித்துவிட்டு, எத்தனை தளம் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.