தெய்வத் திருக்கரத்து ஆயுதங்கள் சொல்லும் வரலாறு

மாசி மகத் திருநாளில் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத் திருக்கோயில்களின் உற்சவ மூர்த்திகள் எழுந்தருள்வதை அன்பர்கள் நன்கறிவர். தீர்த்தவாரியின்போது சிவாலயங்களில் அஸ்திரதேவரும், பெருமாள் கோயில்களில் சக்கரத்தாழ்வாரும் புனித நீராடுவது தொன்றுதொட்டு வரும் மரபு. இறைவன் ஏந்தும் ஆயுதத்தை இறைவனாகவே கண்டு, நீராட்டி, அலங்கரித்து, தீபாராதனை காட்டும் நெறி நம்முடையது.

பக்தனுக்கு அபயம் தரும் அதே ஆயுதம், சிற்பக்கலை வல்லுநருக்கு வேறொரு செய்தியையும் சொல்கிறது. அத்திருமேனி எந்தக் காலத்தில் உருவானது என்பதே அச்செய்தி.

சக்கரம் காட்டும் காலம்

பல்லவர் காலத்துத் திருமால் உருவங்களில் திருவாழியின் விளிம்பு நம்மை நோக்கியிருக்கும். எந்தக் கணமும் ஏவப்படுவதற்கு ஆயத்தமாக விளங்கும் இதனைப் பிரயோகச் சக்கரம் என்பர். அக்காலத்துச் சங்கு இயற்கைச் சங்கைப் போலவே எளிமையாக, தீச்சுடர் இன்றி இருக்கும். சோழர் காலத்தில் சங்கு சக்கரங்களின் ஓரங்களில் சுடர்கள் முளைத்தன. பின்னர்ச் சுடர்கள் பெருகின; பட்டுத்துணி சுற்றியது போன்ற வேலைப்பாடும் சேர்ந்தது. ஆயுதத்தை உள்ளங்கையில் பற்றுவது குறைந்து, இரு விரல்களின் நுனியில் தாங்கும் கர்த்தரீ முத்திரையே நிலைத்தது.

கல்வெட்டு இல்லாத திருமேனியின் காலத்தைக் கணிக்க இத்தகைய நுண்ணிய மாற்றங்கள் பெருந்துணை புரிகின்றன. எனினும், வல்லுநர் எவரும் ஆயுதம் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு சொல்வதில்லை. முகம், மகுடம், பூணூல், ஆடை மடிப்பு, பீடம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கிய பின்னரே காலத்தை வரையறுப்பர்.

புதுவையில் விளைந்த கல்வி

உருவ மாற்றத்தைப் படிப்படியாகத் தொடர்ந்து காலத்தைக் கணிக்கும் இம்முறைக்கு வலுவான அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், புதுச்சேரியில் பேராசிரியராக விளங்கிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் (1885–1945). தென்னிந்தியக் கலை பற்றி 1914ஆம் ஆண்டு இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். ஒன்று கோயிற் கட்டடக்கலையையும், மற்றது தெய்வத் திருவுருவங்களையும் ஆராய்வது. தூணின் மேலுள்ள போதிகையும், விமானத்தின் கூடும் நூற்றாண்டுதோறும் எவ்வாறு மாறின என்பதைக் கோயில் கோயிலாகச் சென்று கண்டு எழுதினார்.

அவர் காலத்திற்குப் பின், 1955இல் ழான் ஃபிலியோசாவின் தலைமையில் புதுவைக் கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. பண்டிதர் என். ஆர். பட் முதலானோர் அங்கே சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, பதிப்பித்தனர். புதுச்சேரியில் உள்ள சைவ சித்தாந்தச் சுவடித் தொகுதிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்நிறுவனம் ஆற்றிய மற்றொரு பணி, அப்போது பெரிதாகப் பேசப்படாதது. அதன் புகைப்படக் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று, கோயில்களையும் திருமேனிகளையும் படம் பிடித்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்படங்கள் ஆராய்ச்சிக்காக எடுக்கப்பட்டவை. அவை ஒருநாள் களவுபோன தெய்வங்களுக்குச் சாட்சி சொல்லும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அனந்தமங்கலத்து இராமர்

தரங்கம்பாடிக்கு அருகில் உள்ளது அனந்தமங்கலம். அங்கே இராஜகோபாலப் பெருமாள் திருக்கோயிலில், மூன்று கண்களும் பத்துத் திருக்கரங்களும் கொண்ட ஆஞ்சநேயர் அருள்பாலிக்கிறார். அசுரர்களை அழிக்கச் சென்ற அனுமனுக்குத் தேவர்கள் தத்தம் ஆயுதங்களை வழங்கினர் என்றும், வெற்றியோடு திரும்பியவர் ஆனந்தமாகத் தங்கிய தலம் இது என்றும் தலபுராணம் கூறும்.

இத்திருக்கோயிலின் இராமர், சீதை, இலக்குமணர் திருமேனிகள் விஜயநகர காலத்தைச் சேர்ந்தவை. 1978 நவம்பரில் அவை களவாடப்பட்டன. நாற்பது ஆண்டுகள் கடந்தபின், இலண்டனில் பழம்பொருள் வணிகத்தில் வெளிவந்த படம் ஒன்று ஆர்வலர்களின் கண்ணில் பட்டது. இது அனந்தமங்கலத்து மூர்த்திதான் என்று எப்படி நிறுவுவது? புதுவை நிறுவனத்தார் 1958 ஜூன் மாதத்தில் எடுத்திருந்த படங்கள் அதற்கு விடையளித்தன.

நம் ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்ப்பர். வார்த்தபின் அச்சு உடைக்கப்படும். ஆதலின் ஒரு திருமேனியைப் போல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. வில்லும் அம்பும் பெரும்பாலும் தனியே செய்து இராமபிரானின் திருக்கரங்களில் பொருத்தப்படுபவை. அவை காணாமற்போனாலும், ஏந்துவதற்காக மடங்கிய விரல்களின் அமைப்பு மாறாது. வார்ப்பில் நேர்ந்த சிறு குழி, தேய்ந்த விளிம்பு, பீடத்துத் துளை போன்றவை மனிதரின் கைரேகைக்கு ஒப்பானவை. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, இத்தகைய அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதே வல்லுநர் பணி.

படங்கள் பொருந்தின. வைத்திருந்தவரும் திருமேனிகளை ஒப்படைக்க இசைந்தார். 2020 செப்டம்பர் 15 அன்று இலண்டனில் இந்தியத் தூதரகத்திடம் அவை ஒப்படைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் தமிழகம் வந்தடைந்தன. இராமாயணத்து வனவாசம் பதினான்கு ஆண்டுகள். அனந்தமங்கலத்து இராமருக்கோ நாற்பத்திரண்டு ஆண்டுகள்! அவர்களோடு களவுபோன அனுமனின் திருமேனி மட்டும் அப்போது உடன் வரவில்லை.

இதற்கு முன்பே 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ரீபுரந்தான் நடராஜரும், விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் திரும்பியதற்கும் புதுவைப் படங்களே முதன்மைச் சான்றாயின. முன்னது 1994இலும், பின்னது 1974இலும் எடுக்கப்பட்டவை.

பின்னம் நேர்ந்தால்

மீண்டு வந்த திருமேனியில் ஊனம் இருப்பின் என் செய்வது? ஆகமங்கள் இதற்கு ஜீர்ணோத்தாரணம் என்னும் பகுதியில் வழிகூறுகின்றன. திருமேனியின் உறுப்புகளை முதன்மை உறுப்பு, சிற்றுறுப்பு எனப் பகுத்து, ஆயுதம், அணிகலன் போன்றவற்றில் நேரும் சிறு குறைகளைச் செப்பம் செய்து மீண்டும் வழிபடலாம் என்பது பொதுவிதி. முதன்மை உறுப்பே சிதைந்தால் புதிய மூர்த்தம் செய்ய வேண்டும். செப்பனிடும் முன் இறையாற்றலைக் கலசத்தில் எழுந்தருளச் செய்து, பணி முடிந்தபின் முறைப்படி மீண்டும் பிரதிஷ்டை செய்வர்.

அருங்காட்சியக அறிவியல் வேறொரு வழியில் அதே அக்கறையைக் காட்டுகிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தோன்றிய வேதியியல் பாதுகாப்புக் கூடம், உலோகத் திருமேனிகளை அரிக்கும் களிம்பை மின்பகுப்பு முறையால் நீக்கும் பணியில் முன்னோடியாக விளங்கியது. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் திருமேனியில் வெளிர்பச்சைத் தூள் தோன்றினால் அது உலோகத்தைத் தின்னும் நோயின் அறிகுறி. அதனைத் தேய்த்துப் போக்க முயலாது, வல்லுநரிடம் காட்டுதலே முறை.

அன்பர்கள் ஆற்றத்தக்க தொண்டு

நம் ஊர்க் கோயிலின் ஒவ்வொரு திருமேனியையும் முன்புறம், பின்புறம், பீடம், திருக்கரங்கள் என நிர்வாகத்தின் அனுமதியோடு படமெடுத்து, உயரத்தையும் குறித்து வைத்தல் பெரும் கைங்கரியமாகும். இன்று பேரப்பிள்ளைகளின் கைப்பேசியே இதற்குப் போதும். பொலிவுக்காகக் கடும் பொடிகளால் தேய்ப்பதும், பழைய சங்கு சக்கரங்களைக் கழித்துப் புதியன செய்வதும் தவிர்க்கத்தக்கவை. அவற்றோடு அத்திருமேனியின் வரலாறும் அழிந்துபோகும்.

சிறுவயது முதல் அம்மூர்த்தியைச் சேவித்து வரும் முதியோரின் நினைவும் ஒரு சான்றே. எந்தத் திருக்கரத்தில் எந்த ஆயுதம் இருந்தது, எந்த விழாவில் எந்த மூர்த்தி புறப்பட்டார் என்பதை இளையோருக்குச் சொல்லி எழுதி வைப்பீர்களாக. நம்மைக் காக்கும் தெய்வத்தை நாம் காக்கும் வழி அதுவே.