முள்முருங்கை பூத்த சீனப் பட்டணம்
மூன்று நாளில் பார்க்கலாம், ருசிக்கலாம்!

சீனா என்றதும் நெடுஞ்சுவர் நினைவுக்கு வரும். அடுத்தபடி பீஜிங், ஷாங்காய் என்ற பெரிய நகரங்கள் நினைவுக்கு வரும். ஆனால் கையில் இருப்பது மூன்றே நாள். குடும்பத்தோடு போக வேண்டும். பழைய கோவில்களைப் பார்க்க வேண்டும். புதுச் சுவையாக நாலு பண்டம் சாப்பிட வேண்டும். இப்படி நினைப்பவர்களுக்கு ஏற்ற ஊர் வேறொன்று இருக்கிறது. அதன் பெயர் சுவான்சோ.

சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில், புஜியான் மாகாணத்தில் இந்த ஊர் இருக்கிறது. கடலைத் தாண்டினால் எதிரே தைவான் தீவு. சுவான்சோவிலும் அதைச் சுற்றியும் உள்ள 22 பழைய இடங்களை 2021-ல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் இது உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று.

மரம் தந்த பெயர்

பழைய நாளில் இந்த ஊரைச் சுற்றிலும் ஒரு மரத்தை வரிசையாக நட்டார்கள். சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் மரம். நம் ஊரில் கலியாணப் பந்தற்காலோடு கட்டுகிறோமே, முள்முருங்கை, அதே இனம்தான்! சீனர்கள் அந்த மரத்தை "சிதோங்" என்பார்கள். ஊருக்கும் அதே பெயர் வந்தது. அரபு வியாபாரிகளின் வாயில் அது "ஸைதூன்" ஆயிற்று. பளபளக்கும் "ஸாட்டின்" பட்டுத்துணிக்கு இந்தப் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது என்றும் சொல்வார்கள்.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போகிறது என்றால், இங்கே நூறு கப்பல் வருகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும். ஆனால் மிளகு வந்தது உண்மை. மிளகு வந்த வழியில் தமிழ் வியாபாரிகளும் வந்தார்கள்.

தமிழில் ஒரு கல்

1281-ம் ஆண்டு, சித்திரை மாதம். சீனாவை அப்போது குப்ளாய் கான் ஆண்டுகொண்டிருந்தார். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், அரசரின் நலத்தை வேண்டி, இந்த ஊரில் சிவபெருமானுக்குக் கோவில் ஏற்பாடு செய்தார். அதைத் தமிழில் கல்லிலும் வெட்டி வைத்தார்.

அந்தக் கோவில் இன்று இல்லை. ஏன்?

1357 முதல் 1366 வரை இங்கே பெரிய கலகம் நடந்தது. ஊர் பாழ்பட்டது. வெளிநாட்டு வியாபாரிகள் செத்தவர் போக, மற்றவர் ஓடிப் போனார்கள். கேட்பாரற்றுக் கிடந்த கோவில் கற்கள் மதில் சுவருக்குப் போயின. வேறு கட்டடங்களுக்குப் போயின. பல நூறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

20-ம் நூற்றாண்டில் பழைய மதில் சுவரை இடித்தபோது அந்தக் கற்கள் வெளியே வந்தன. கல்தச்சர்கள் கையில் சிக்கினால் உடைந்து வேறு உருவாகிவிடும். அப்போது வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் உயிரியல் பாடம் சொல்லித் தந்தவர். சொந்தக் காசைச் செலவிட்டார். கடைசியில் சேர்த்ததையெல்லாம் அரசிடம் ஒப்படைத்தார். 1957-ல் இந்தக் கற்களைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான், அதாவது 1956-ல், தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஒரு வாத்தியார் மெனக்கெட்டதால் எத்தனையோ கற்கள் தப்பின. இன்று போகிறவர்கள் கண்ணால் பார்க்க முடிகிறது.

முதல் நாள்: கோவிலும் கடைத்தெருவும்

முதல் நாள் காலையில் கைய்யுவான் புத்தர் கோவிலுக்குப் போகலாம். இது 686-ல் தோன்றியது. இதற்கு ஒரு கதை உண்டு. ஒரு பணக்காரருக்குப் பெரிய முசுக்கொட்டைத் தோட்டம் இருந்தது. கோவில் கட்ட ஒரு துறவி இடம் கேட்டார். "என் முசுக்கொட்டை மரத்தில் தாமரை பூக்கட்டும், தருகிறேன்" என்றார் பணக்காரர். தாமரை பூத்துவிட்டது! பழமையான முசுக்கொட்டை மரம் ஒன்று இன்றும் கோவிலில் நிற்கிறது.

பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்க்க மறக்கக் கூடாது. அங்கே இரண்டு கல் தூண்கள் இருக்கின்றன. ஒன்றில் குழந்தைக் கண்ணன் உரலை இழுத்து மரங்களைச் சாய்க்கிறான். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கும் காட்சியும் உண்டு. புத்தர் கோவிலுக்குள் நம் புராணக் கதைகள்! இடிந்த கோவிலின் தூண்களைக் கொண்டு வந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

கோவிலின் இரு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள். கிழக்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 48 மீட்டர். மேற்குக் கோபுரம் சுமார் 44 மீட்டர். முன்பு மரத்தால் கட்டியிருந்தார்கள்; தீயில் அழிந்தன. 13-ம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பினார்கள். 1604-ல் பெரிய பூகம்பம் வந்தது. கோபுரங்கள் அசையாமல் நின்றன. மேற்குக் கோபுரத்தில் வாள் ஏந்திய குரங்கு வீரனின் சிற்பம் இருக்கிறது. குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கோவிலை விட்டு வெளியே வந்தால் மேற்குத் தெரு. பழைய வீடுகள், பலகாரக் கடைகள் நிறைந்த தெரு. சாயங்காலத்தை இங்கே கழிக்கலாம்.

இரண்டாம் நாள்: கப்பலும் பாட்டும்

இரண்டாம் நாள் கடல் வாணிக அருங்காட்சியகம். லிங்கத்துக்கு யானை பூசை செய்யும் சிற்பம் இங்கே இருக்கிறது. பார்த்ததும் திருவானைக்காவின் கதை நினைவுக்கு வரும். சிலுவை பொறித்த கற்களும், அரபு எழுத்துக் கல்லறைக் கற்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லா மதத்தாரும் ஒரே ஊரில் வாழ்ந்ததற்கு இவை சாட்சி.

1974-ல் இந்த ஊர்க் கடற்கரைச் சேற்றிலிருந்து ஒரு மரக்கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். 13-ம் நூற்றாண்டுக் கப்பல் அது. எஞ்சிய பகுதியின் நீளமே 24 மீட்டர். உள்ளே 13 அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாது. அதில் வாசனைக் கட்டைகள், மிளகு, பாக்கு எல்லாம் கிடைத்தன. அந்தக் கப்பலையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

பிற்பகலில் துமன் தெருவுக்குப் போகலாம். 1009-ல் கட்டிய கல் பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. அதை ஒட்டியே குவான் தி என்ற சீன வீரத் தெய்வத்தின் கோவில். அங்கே ஊதுவத்திப் புகை ஓய்வதே இல்லை. கொஞ்ச தூரத்தில் கன்பூசியஸ் கோவில்.

இரவில் "நான்யின்" என்ற பழைய இசையைக் கேட்கலாம். வீணை போன்ற "பிப்பா" என்ற வாத்தியத்தை இங்கே கிடைமட்டமாக மடியில் வைத்து வாசிப்பார்கள். 2009-ல் இந்த இசைக்கும் யுனெஸ்கோ சிறப்புத் தந்தது. நூல் பொம்மலாட்டமும் இந்த ஊரின் பெருமை. ஒரு பொம்மைக்குப் பதினாறு நூல், அதற்கு மேலும் உண்டு. பொம்மை கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்தால் பெரியவர்களும் வாய் பிளப்பார்கள்.

மூன்றாம் நாள்: பாலமும் பூக்கொண்டையும்

காலையில் லோயாங் பாலம். 1053-ல் தொடங்கி 1059-ல் முடித்த கல் பாலம் இது. நீளம் 700 மீட்டருக்கு மேல். அலை மோதும் கழிமுகத்தில் கல்லைக் கல்லோடு எப்படிப் பிணைப்பது? கட்டியவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். தூண்களின் அடியில் கடல்சிப்பிகளை வளரவிட்டார்கள். சிப்பிகள் கற்களை இறுகப் பற்றிக்கொண்டன. உயிருள்ள சிமெண்டு! கடல் வற்றும் நேரத்தில் போனால் தூண்களின் அடிப்பாகம் தெரியும்.

பிற்பகலில் சுன்பு என்ற மீனவக் கிராமம். இங்கே சிப்பி ஓடுகளை அடுக்கி வீட்டுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். பெண்கள் கொண்டை போட்டு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சூடுகிறார்கள். மல்லிகை சூடும் நம் பெண்களுக்கு அந்த ஆசை தெரியும். வருகிறவர்களுக்கும் அதேபோல் பூ அலங்காரம் செய்துவிடக் கடைகள் இருக்கின்றன. கூலியை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

என்ன சாப்பிடலாம்?

காலைப் பலகாரம் "மியென்சியென்ஹூ". தலைமயிர் போல மெல்லிய கோதுமைச் சேமியாவை, குழம்புச் சாற்றில் கூழாகக் கரையும்படி வேகவைப்பார்கள். சிப்பி, இறைச்சி என்று வேண்டியதைக் காட்டினால் மேலே போட்டுத் தருவார்கள். எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டத்தை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

அடுத்தது சிப்பி அடை. சிறு சிப்பிகளைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் கலந்து, முட்டை ஊற்றிச் சுடுவது. அந்தக் கிழங்கு 16-ம் நூற்றாண்டின் இறுதியில் பிலிப்பைன்சிலிருந்து புஜியானுக்கு வந்தது. பஞ்ச காலத்தில் ஏழைகளைக் காப்பாற்றியது.

முற்றிய இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்து மண்சட்டியில் வேகும் வாத்துக்கறி குளிருக்கு இதமானது. மெல்லிய அப்பத்தில் காய்கறி வைத்துச் சுருட்டும் பண்டமும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்கள் "பொப்பியா" என்று சாப்பிடுவது இதன் உறவுதான். இந்த ஊரார் அங்கே குடியேறியபோது கூடவே போயிற்று. துணிச்சல்காரர்களுக்குக் கடற்புழுவை வேகவைத்து உறையவைத்த பண்டம் இருக்கிறது. கண்ணாடிபோல் பளபளக்கும். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்த பிறகும் ஒரு கை பார்ப்பவர்கள் உண்டு!

சைவர்கள் கவனிக்க

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இங்கே சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காய்கறிப் பதார்த்தம் என்று வந்தாலும் அதில் பன்றிக் கொழுப்போ, காய்ந்த இறாலோ, எலும்புச் சாறோ இருக்கக்கூடும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சைவ உணவுக்குச் சீன மொழியில் "சூ" என்று பெயர். இறைச்சி, மீன், சிப்பி, முட்டை, கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் ஆகாது என்று தங்கும் விடுதியில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கடையில் காட்டலாம். புத்தர் கோவில்களை ஒட்டிய சைவச் சாப்பாட்டுக் கடைகள் நல்ல துணை.

மாட்டிறைச்சிச் சாறும் இந்த ஊரில் பிரசித்தம். வேண்டாதவர்கள் அதையும் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நிலக்கடலையும் பல பண்டங்களில் சேரும். கடலையோ சிப்பியோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இனிப்பில் பயம் குறைவு. கடல்பாசியைக் காய்ச்சி உறையவைத்து, தேனும் பழமும் சேர்த்துத் தருவார்கள். சூடான நிலக்கடலைப் பாயசமும் கிடைக்கும்.

தேநீரின் தாய்மொழி

சுவான்சோவைச் சேர்ந்த அன்சி மலைப்பகுதியில் "தியெகுவான்யின்" என்ற புகழ்பெற்ற தேயிலை விளைகிறது. சிறு கிண்ணத்தில், பால் இல்லாமல், பல தடவை ஊற்றிக் குடிப்பார்கள். சீனாவின் பெரும்பகுதியில் தேநீரை "சா" என்பார்கள். இந்தப் பக்கத்து மொழியில் மட்டும் "தே". டச்சு வியாபாரிகள் இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொண்டு போனார்கள். நம் "தேயிலை"யில் உள்ள "தே" இங்கே பிறந்ததுதான்.

புறப்படும் முன்

குவாங்சோ என்பது வேறு ஊர். சுவான்சோ வேறு ஊர். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். டிக்கெட் வாங்கும்போது மாறிப்போனால் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்க நேரிடும்! புஜியான் மாகாணம்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். ஷியாமென் நகருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து அதிவேக ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சுவான்சோ சேரலாம். ரெயிலுக்கும் விடுதிக்கும் பாஸ்போர்ட் அவசியம். கடைகளில் செல்போன் மூலம் பணம் கொடுப்பதே வழக்கம். அலிப்பே செயலியில் நம் வங்கி அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிட வேண்டும். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே சாதாரணமாக வேலை செய்யாது. மொழிபெயர்ப்புக்கும் வரைபடத்துக்கும் வேறு ஏற்பாடு வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, கூட்டம் தாங்காது. நவம்பர் மாதம் நல்லது. அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இன்னும் அவகாசம் இருப்பவர்கள் நகரை ஒட்டிய செடியன் கிராமத்துக்கும் போய் வரலாம். அங்கே ஒரு சிறு கோவிலில் நம் நாட்டுச் சாயலில், நான்கு கைகளோடு ஒரு பெண் தெய்வம் வீற்றிருக்கிறது. கிராமத்தார் அதைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று வணங்குகிறார்கள். செதுக்கச் சொன்ன வியாபாரிகள் போய்விட்டார்கள். அவர்கள் மொழியும் அங்கே இல்லை. ஆனால் ஊதுவத்தி ஏற்றி வைக்க ஊரார் இருக்கிறார்கள்.