பட்டிழையும் உடலும்

கொங்கு நாட்டில் கோபிசெட்டிபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் மல்பெரித் தோட்டங்களும் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளும் மிகுதி. அங்கு விளையும் பட்டுக்கூட்டின் இழை இரு பொருள்களால் ஆயது. உள்ளே இருப்பது பைப்ரோயின் என்னும் வலிய புரதம். அதனைப் போர்த்திருப்பது செரிசின் என்னும் பசை. இழையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே.

சிறுமுகைத் தறிகளில் நெய்யும் சேலைநூலிலிருந்து, பளபளப்பு வேண்டி இப்பசையைக் கொதிநீரில் போக்குவர். அறுவை மருத்துவர் தையலிடும் பட்டு நூலிலும் அது நீக்கப்படுகிறது. ஆனால் காரணம் வேறு. பசை நீங்காத பட்டு உடலில் ஒவ்வாமையை எழுப்பக்கூடும். பின்பு அந்நூலுக்கு மெழுகோ சிலிக்கோனோ பூசுவர். பூசாத நூல் விளக்குத் திரியைப் போல் உடல்நீரை உறிஞ்சும். அதன் வழியே கிருமியும் உட்செல்லும். இழை ஒன்றேயாயினும், மேற்பூச்சு மாறியதும் உடல் அதனை ஏற்கும் முறையும் மாறிவிடுகிறது.

இது நிகழ்வது எவ்வாறு? அயற்பொருள் ஒன்று இரத்தத்தைத் தொட்டால், நொடிகளுக்குள் இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. உயிரணுக்கள் வந்து சேர்வது பின்னரே. ஆதலால் அவை தீண்டுவது பட்டையன்று, உலோகத்தையுமன்று, புரதப் படலத்தையே. அப்படலமும் நிலையானதன்று. இரத்தத்தில் மிகுந்துள்ள அல்புமின் முந்திப் படிகிறது. அளவிற் குறைந்தாலும் பிடிப்பில் மிக்க புரதங்கள் பின்வந்து அதனைப் பெயர்த்து அமர்கின்றன. கூத்துப் பார்க்க முன்வந்த சிறுவனை எழுப்பிவிட்டுப் பெரியவர் அமர்வதைப் போன்றது இது எனலாம். 1960களில் லியோ விரோமன் என்னும் அறிஞர் இவ்விடமாற்றத்தை ஆராய்ந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

எப்புரதம் எந்நிலையில் படியும் என்பது பெரிதும் மேற்பரப்பைப் பொறுத்தது. நீர் ஒட்டாத பரப்பில் புரதம் தன் மடிப்புக் கலைந்து இறுகப் பற்றுகிறது. பைப்ரினோசன் படிந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் திரண்டு கட்டியாகலாம். அக்கட்டி மூளையை அடைந்தால் உயிருக்கே கேடு. பைப்ரோனெக்டின் படிந்த இடத்திலோ திசுவின் அணுக்கள் கால் ஊன்றி வளர்கின்றன.

ஆகவே இடத்துக்கேற்ற பூச்சு வேண்டும். எலும்புடன் பிணைய வேண்டிய செயற்கை இடுப்பு மூட்டுத் தண்டின்மேல், எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசுவர். இரத்தம் பாயும் குழாய்களின் உட்புறத்திலோ, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைப் பிணைப்பர். ஒட்டுதலும் ஒட்டாமையும் ஒரே கருவியில் வேண்டப்படும்போதுதான் இடர் பெரிது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் ஆக்கி, 1990ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வு அத்தகையது. அதனைச் சூழ்ந்த பாலியெஸ்டர் துணி வளையத்தினுள் திசு புகுந்து வளரவேண்டும். நடுவே சாய்ந்து திறந்து மூடும் நெகிழித் தட்டின்மேல் எதுவும் ஒட்டலாகாது. இவ்வகைச் செயற்கை வால்வைப் பெற்றவர்கள், இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்டு வருகின்றனர்.