வெயிலில் வெளுத்த பைபர் படகைப் புதுப்பித்தலும் பாதுகாத்தலும்

கடலோர மாவட்டங்களில் உழவோடு மீன்பிடித் தொழிலையும் மேற்கொண்டுள்ள குடும்பங்கள் பல. 2004 டிசம்பரில் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்குடும்பங்களிடையே கட்டுமரத்துக்கும் மரவள்ளத்துக்கும் பதிலாகப் பைபர் படகுகள் பெருமளவில் பரவின. மரத்தைப்போல் மக்குவதில்லை என்பதால், இப்படகுக்குப் பராமரிப்பே தேவையில்லை எனப் பலர் எண்ணி விடுகின்றனர். ஆனால் வெயிலுக்கு இதுவும் தப்புவதில்லை. பளபளவென்று வாங்கிய நீலப்படகு சில ஆண்டுகளில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடுகிறது.

வெளுப்பது ஏன்?

பைபர் படகின் வெளிப்புறத்தில் ஜெல்கோட் எனப்படும் வண்ணம் கலந்த பிசின் பூச்சு உள்ளது. உள்ளிருக்கும் கண்ணாடி இழைகளை நீர் புகாமல் காக்கும் தோல் இதுவே. இதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இப்பிசினின் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. பிசின் சிதையவே, அதில் பிணைந்திருந்த வண்ணத்துகள்கள் தளர்ந்து மாவாக உதிர்கின்றன. கையால் தடவினால் ஒட்டுவது இந்த மாவே. சிவப்பு, நீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் வெளுப்பு விரைவில் கண்ணுக்குத் தெரியும்.

இதைக் கவனியாது விட்டால் பூச்சு மேன்மேலும் மெலிந்து இழை வெளிப்படும். இழை வழியே நீர் ஊறினால் படகின் வலுவே குறையும். அப்போது ஆகும் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் மெருகூட்டும் செலவு மிகச் சிறிது.

முதலில் சோதித்தறிக

படகை நன்னீரால் கழுவி உலரவிட்டு, வெளுத்த ஓர் இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் தெரிந்தால் கேடு மேலோடு நிற்கிறது, தேய்த்து மீட்கலாம். ஈரத்திலும் நிறம் திரும்பாமல் இழையின் பின்னல் தெரிந்தால் தேய்க்கவே கூடாது. அந்நிலையில் புதிய ஜெல்கோட் பூசுதல் அல்லது எபாக்சி அடிப்பூச்சின் மேல் பாலியூரிதேன் வண்ணம் அடித்தல் வேண்டும். எபாக்சியை மட்டும் பூசி வெயிலில் விட்டால் அதுவும் மாவுபோல் உதிரும்.

மெருகூட்டும் முறை

1. உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும்படி, சிறிதளவு சோப்புத்தூள் கரைத்த நன்னீரால் கழுவுக. அமிலமோ பிளீச்சிங் பவுடரோ வேண்டாம்.

2. வெளுப்பு குறைவாக இருப்பின் பாலிஷ் மட்டுமே போதும். நடுத்தரமாயின் ரப்பிங் காம்பவுண்டு கொண்டு தேய்க்கவும்.

3. மிகவும் வெளுத்திருந்தால் மட்டும் வாட்டர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு மெல்லத் தேய்க்கவும். 800 எண் தாளில் தொடங்கி 1000, 1200 என முடித்து, பின்னர் காம்பவுண்டு இடுக.

4. நிழலில், 2 அடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்க. சூடேறிய பரப்பில் காம்பவுண்டு உடனே காய்ந்துவிடும்.

5. எந்திரம் பயன்படுத்தினால் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துக. நின்றால் பூச்சு கருகும்.

ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு பகுதி செலவாகிறது என்பதை மறவாதீர்கள். மென்மையான முறையிலே தொடங்கி, நிறம் திரும்பியதும் நிறுத்திவிடுக. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கொள்க. கண்ணுக்குக் கண்ணாடி அணிக. கழிவுநீர் மீன்குட்டையில் சேரக் கூடாது.

மெழுகுக் காப்பு

தேய்த்ததோடு விட்டால் பளபளப்பு விரைவில் மங்கும். ஆகவே மெழுகு பூசுவது இன்றியமையாதது. சேப்பங்கிழங்கு இலையில் நீர் முத்து முத்தாக உருண்டோடுவதைக் கண்டிருப்பீர்கள். இலையின் மேலுள்ள மெழுகே அதற்குக் காரணம். படகு மெழுகில் சேரும் கார்னாபா மெழுகும் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்தே கிடைக்கிறது. இம்மெழுகு தான் முதலில் தேய்ந்து பூச்சைக் காக்கிறது.

சுத்தமான உலர்ந்த பரப்பில் மெல்லியதாக இருமுறை பூசி, ஒவ்வொரு முறையும் காய்ந்தபின் துணியால் துடைத்து மெருகேற்றுக. நம் வெயிலுக்கு 3 அல்லது 4 மாதங்களுக்கு ஒரு முறை மீண்டும் பூசுதல் நலம். தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவினால் மெழுகு தீர்ந்ததென்று பொருள். கால்வைத்து நிற்கும் தளத்திலும் மேல்விளிம்பிலும் மெழுகு பூச வேண்டாம்; வழுக்கும்.

மரவள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசும் வழக்கம் பைபருக்குப் பொருந்தாது. எண்ணெய் இதில் ஊறாது. சிலநாள் மினுங்கிப் பின் தூசியைத்தான் சேர்க்கும்.

நிழலே சிறந்த காப்பு

எந்தப் பூச்சும் நிழலுக்கு ஈடாகாது. கரையேற்றிய படகை நன்னீரால் கழுவி, தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் நிறுத்துக. பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கும். காற்றோட்டம் விட்டே மூட வேண்டும்.

வீட்டுத் தோப்பில் கிடைக்கும் கீற்றும், ஆண்டுக்குச் சில டப்பா மெழுகும், ஓரிரு நாள் உழைப்பும் இருந்தால் படகின் தோலை நெடுங்காலம் காக்கலாம். படகு வைத்திருப்போர் இம்முறைகளைக் கையாண்டு வீண்செலவைத் தவிர்த்துப் பயன்பெறுவார்களாக.