வடைக்கு மேலே ஒரு விளக்கு

பஃபே மேஜையில் பொரித்த கோழிக்கு மேலே தொங்கும் செம்பு நிறக் குடை விளக்கைப் பலரும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது சூட்டுக்காக வைத்தது. உள்ளே பெரும்பாலும் 250 வாட் பல்பு இருக்கும். நான்கு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அந்த மின்சாரத்தில் வெளிச்சமாவது சொற்பம். பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே வருகிறது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலில் சிவப்பு முடியும் இடத்துக்கு அப்பால் தெர்மாமீட்டரை வைத்துக் கண்டறிந்த கதிர் இதுதான்.

இந்தக் கதிர் வழியிலுள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டு வருவதில்லை. நேரே உணவின் மேல் விழுகிறது. உணவில் உள்ள நீர் அதை உறிஞ்சிச் சூடாகிறது. மார்கழிக் காலையில் காற்று சில்லென்று இருந்தாலும் முகத்தில் படும் வெயில் மட்டும் இதமாகச் சுடுகிறதே, அதே கணக்குதான். ஆகவே ஏசி ஓடும் கூடத்திலும் விளக்கு வேலை செய்யும். ஆனால் ஃபேன் காற்று நேராகத் தட்டில் அடித்தால், ஏறுகிற சூட்டை அது கொண்டுபோய்விடும்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் மெதுவடையைப் பார்க்க வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் வடைக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் அந்த ஆவி மூடியில் முத்து முத்தாகத் திரண்டு வடைமீதே சொட்டும். கொஞ்ச நேரத்தில் தோல் நமுத்துப்போகும். விளக்கின் கீழ் திறந்து வைத்தால் ஆவி வெளியேறும், சூடு நிற்கும். அதற்கும் பக்குவம் உண்டு. எவர்சில்வர் தட்டில் பரப்பினால் மேல்பக்கம் மொறுமொறுவென்று இருக்க, அடிப்பக்கம் வியர்த்து ஊறிவிடும். கம்பி வலையோ துளையிட்ட தட்டோ வேண்டும். குவித்தும் வைக்கக் கூடாது: கதிர் பட்ட இடம்தான் சூடாகும், அடியில் இருக்கும் வடைக்கு மேல் வடையின் நிழல்தான் கிடைக்கும். விளக்கை மிகவும் தாழ்த்தினால் வடை காய்ந்து கல்லாகும்.

சாம்பாருக்கும் குருமாவுக்கும் இந்த விளக்கு உதவாது. மேலே ஆடை கட்டும், அடியில் ஆறிப்போகும். அவற்றுக்குப் பெயின் மேரி என்னும் வெந்நீர்த் தொட்டிதான் சரி. இட்லியை இதன் கீழ் வைத்தால் வறண்டுவிடும். பளபளக்கும் எவர்சில்வர் மூடி போட்ட பாத்திரத்தின் மேல் விளக்கை எரிய விடுவதோ வெறும் மின்சாரச் செலவு. மூடி கதிரைத் திருப்பி அனுப்பிவிடும்.

நம் ஊர் பேக்கரியில் பப்ஸ் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் எரிந்த பழைய குண்டு பல்பும் இந்த வேலையைத்தான் செய்தது. அதைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினால் வெளிச்சம் வரும், பப்ஸ் சூடாகாது.

சுவையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 வரை கிருமிகள் பெருகும் வெப்பநிலை. சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் உணவு விதி, பிரிட்டனில் 63. ஏற்கெனவே நன்கு சூடாக இருக்கும் உணவைத்தான் விளக்கு காக்கும். ஆறிப்போனதை இதன் கீழ் வைத்தால் அது வெதுவெதுப்பிலேயே நெடுநேரம் கிடக்கும். கிருமிக்கு அதுதான் தோது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் ஒரு நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. மதியம் மிஞ்சியதை மாலைவரை ஓட்டுவதற்கு இந்த விளக்கைப் பயன்படுத்துவது மன்னிக்க முடியாத தவறு. பொரித்த பண்டம் எதுவானாலும் அரை மணி நேரத்தோடு அதை எடுத்துவிட வேண்டும் என்பேன்.

ஓட்டல் நடத்துபவர்களே, விளக்கோடு சேர்த்து, உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். விலை அதிகமில்லை. தட்டின் ஓரத்தில், அடியில் என்று கதிர் எட்டாத இடங்களில் தினமும் குத்திப் பாருங்கள்.