ஜூனிபரின் நுனி கருகும்போது

போன்சாய் என்றதும் பலருடைய மனத்தில் எழும் உருவம் ஜூனிபர்தான். முறுக்கிய தண்டு, பட்டை உரிந்து வெளுத்த கட்டை, அதன்மேல் அடர்ந்த பச்சை. ஆசையோடு வாங்கிவந்து பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் பால்கனியிலோ கிள்ளானில் வீட்டு வாசலிலோ வைக்கிறோம். சில மாதங்களில் நுனிகள் பழுப்பாகின்றன. உடனே கடைக்குப் போய்ப் பூஞ்சைக்கொல்லி வாங்கி வாரம் தவறாமல் அடிக்கிறோம். செடி பிழைப்பதில்லை, மருந்து மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளாமல் அடித்ததில்தான் இருக்கிறது.

ஜூனிபர் குளிர்நாட்டு மரம். போன்சாய்க்கு விரும்பப்படும் வகைகள் சீனா, ஜப்பான் பக்கத்தவை. வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள இடத்தில் வளர்ந்து, குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுத்துப் பழகியவை. கோலாலம்பூரில் அந்த ஓய்வு கிடையாது. பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அளவைவிட மழை பெய்யும் நேரம் முக்கியம். பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு கொட்டும் மழையில் நனைந்த இலை அதன்பின் வெயிலையே பார்ப்பதில்லை. மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த பால்கனியில் காற்றும் அசையாவிட்டால் விடியும்வரை ஈரம் காயாது.

பூஞ்சைக்கு வேண்டியது அந்த ஈரம்தான். ஜூனிபருக்கு வரும் நோய்களில் பெயர்பெற்றது நுனிக்கருகல். இதற்குக் காரணமான ஃபோமாப்சிஸ் ஜூனிபெரோவோரா என்ற பூஞ்சையை 1920இல் ஹான் என்ற அமெரிக்க ஆய்வாளர் தனி இனமாக விவரித்தார். நாற்றுப்பண்ணைகளில் இளஞ்செடிகள் கூட்டங்கூட்டமாகக் கருகியதைப் பார்த்துத்தான் அவர் அதை ஆராய்ந்தார். 24 முதல் 27 டிகிரி வெப்பம் இதற்கு மிகவும் பிடிக்கும். ஏறக்குறைய 7 மணி நேரம் இலையில் ஈரம் நின்றால் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். கோலாலம்பூரின் மழை நாள் இரவு ஒவ்வொன்றும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது.

இந்தப் பூஞ்சை முற்றிய இலையைத் தொடுவதில்லை. இளந்தளிரைத்தான் பிடிக்கும். தளிர் முதலில் வெளிறும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் சாம்பல் நிறமாகிக் காயும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செத்த பகுதியும் உயிருள்ள பகுதியும் சந்திக்கும் இடத்தில் சாம்பல் வளையம் ஒன்று தெரியும். அதன்மேல் குண்டூசி முனையைவிடச் சிறிய கரும்புள்ளிகள் இருக்கும். வித்துகள் அந்தப் புள்ளிகளுக்குள்ளேதான் உருவாகின்றன. மழை பெய்து புள்ளிகள் ஊறியதும், இடியாப்ப உரலிலிருந்து மாவு வருவதுபோல வித்துக்குழம்பு வெளிர் நிறத்தில் நெளிந்து வெளியே வரும். அடுத்த மழைத்துளி அதைத் தெறித்துப் பக்கத்துத் தளிருக்குக் கொண்டுபோகும். வாளியில் மொண்டு மேலே ஊற்றும் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

நுனி பழுத்ததெல்லாம் பூஞ்சையும் அல்ல. மருந்து வாங்கப் போகுமுன் ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசி நகர ஆரம்பித்தால் அது சிலந்திப்பேன். மழை படாத பால்கனிகளில் ஜூனிபரைக் கொல்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பச்சை மங்கித் தூசு படிந்ததுபோல் இருப்பது இதன் அடையாளம். இதற்குப் போய் மேங்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லியை அடித்தால், சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன்கள் சாகக்கூடும். தொல்லை கூடத்தான் செய்யும்.

வெயில் எட்டாத உள்கிளைகளில் பழைய இலை மட்டும் பழுத்து உதிர்ந்தால் அது இயல்பு. செடி முழுவதும் ஒரே சீராக நிறம் மங்கினால் வேரைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் வேரை அழுகவைக்கும். பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும் அது வேறு உயிர்க்கிளையைச் சேர்ந்தது. அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது அதன் உறவினம். இலைமேல் அடிக்கும் சாதாரண மருந்து அதன் கிட்டேயே போகாது. ஜூனிபரில் கொடுமை என்னவென்றால், வேர் செத்துப் பல வாரம் ஆன பிறகும் இலை பச்சையாகவே இருக்கும். நாம் பழுப்பைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

சரி, நுனிக்கருகல்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது மருந்து என்ன செய்யும்?

இதற்கு விடை கிடைத்த இடம் இலங்கையின் காப்பித் தோட்டங்கள். 1869இல் அங்கே காப்பி இலையில் துரு நோய் தோன்றியது. தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய தொழிலாளர்களின் உழைப்பில் நின்ற பெருந்தொழில் அது. 20 ஆண்டுகளுக்குள் சரிந்துபோனது. 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கம் அங்கே அனுப்பியது. கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, பறந்துவரும் வித்துகளைப் பிடித்து, அவை நீர்த்துளியில் முளைத்து இலைக்குள் நுழைவதை அவர் பார்த்தார். உள்ளே போய்விட்ட பூஞ்சையை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. வித்து முளைக்குமுன்பே மருந்து இலைமேல் இருந்தாக வேண்டும் என்பது அவர் கண்டது. காப்பியைக் காப்பாற்ற அது உதவவில்லை. இலங்கை தேயிலைக்கு மாறியது. தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் காப்பி நட்டார்கள், பிறகு ரப்பருக்குத் தாவினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்த வழித்தடத்தில் ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு. வார்ட் சொன்ன விதி இன்றும் அப்படியே நிற்கிறது.

1885இல் பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கிறது என்று வெளியிட்டார். திருடர்கள் பறிக்காமல் இருக்க வழியோரக் கொடிகளில் விவசாயிகள் தெளித்திருந்த கலவை அது. இன்று கடையில் கிடைக்கும் செம்பு மருந்துகள் அதன் வழிவந்தவை. செம்பு, மேங்கோசெப், குளோரோதலோனில் மூன்றும் இலையின் மேற்பரப்பிலேயே நிற்பவை, உள்ளே போகாதவை. இவை காவல் மருந்துகள். கருகிய நுனியை எதுவும் மறுபடி பச்சையாக்காது. அடித்த பிறகு முளைக்கும் தளிரில் மருந்து இருக்காது. கனமழை இருப்பதையும் கழுவிவிடும்.

தையோபனேட் மெத்தில், புரோபிகோனசோல் போன்றவை இலைக்குள் ஓரளவு ஊடுருவும். தொற்றின் தொடக்க நிலையில் இவை கைகொடுக்கும். ஆனால் இவை பூஞ்சையின் ஒரே ஒரு இடத்தைக் குறிவைப்பவை. திரும்பத்திரும்ப ஒன்றையே அடித்தால், தப்பிப் பிழைத்த பூஞ்சை அந்த மருந்துக்கு மசியாது. மருந்து எந்த வழியில் தாக்குகிறது என்பதைக் காட்டும் எஃப்ஆர்ஏசி குழு எண் பல புட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும். எம் என்ற எழுத்தில் தொடங்கினால் பல இடங்களைத் தாக்கும் காவல் மருந்து. தையோபனேட் மெத்திலுக்கு 1, புரோபிகோனசோலுக்கு 3. பெயர் வேறாக இருந்தும் எண் ஒன்றானால் இரண்டும் ஒரே மருந்து மாதிரிதான். மாற்றி அடிக்க வேண்டியது எண்ணை.

குளிர்நாட்டு நூல்கள் வசந்தத்தில் தளிர் விடும்போது 10 முதல் 14 நாள் இடைவெளியில் அடிக்கச் சொல்கின்றன. அங்கே தளிர்ப்பருவம் முடிந்ததும் மருந்தையும் நிறுத்திவிடலாம். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் தளிர்தான். அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினால் ஆண்டு முழுவதும் மருந்து அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது செடிக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. அதனால் இங்கே கத்தரிக்கோல்தான் முதல் மருந்து. கருகிய கிளையை உயிருள்ள பகுதிவரை, ஈரம் இல்லாத நேரத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரிக்கோலை ஆல்கஹாலால் துடையுங்கள். காய்ந்த குச்சியிலும் இந்தப் பூஞ்சை நெடுநாள் உயிரோடு இருக்கும். வெட்டியதைத் தொட்டிக்குள் போடாமல் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அடர்ந்த கிளைகளைக் கலைத்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். தண்ணீரைக் காலையில், மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் உடனே வடியும்படி மண்ணில் எரிமலைக்கல், பியூமிஸ் போன்றவற்றைச் சேருங்கள். ஒரேயடியாக நுனிகிள்ளி எல்லாத் தளிரையும் ஒரே வாரத்தில் கிளப்பிவிடாதீர்கள்.

இவற்றைச் செய்தபின், தளிர் விடும் வாரங்களிலும் மழை உச்சமாகும் ஏப்ரல், நவம்பர் மாதங்களிலும் மட்டும் காவல் மருந்து போதும். காலையில், காற்றில்லாத நேரத்தில், இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளித்து, மாலை மழைக்குள் காயவிட வேண்டும். அளவை லேபல் சொல்வதற்குமேல் கூட்டக் கூடாது. இவ்வளவு செய்தும் செடி மீளாவிட்டால் இந்தத் தட்பவெப்பத்துக்கு இணங்கிய ஆல் வகைகளும் நீர்மல்லிகையும் இருக்கின்றன. ஜூனிபரை விரும்புகிறவர்களுக்குக் கேமரன் மலைதான் பொருத்தமான இடம் என்பது என் கருத்து.

மருந்து அடிப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்நாட்டுத் தோட்டங்களில் முதுகில் பம்பு சுமந்து மருந்து அடித்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். 2002இல் தெனகனித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் வட்டாரப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அவர்களுடைய உடல்நலம் கெட்ட கதையைப் பதிவு செய்தது. அவர்கள் அடித்தவற்றில் ஒன்றான பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான். பூஞ்சைக்கொல்லி அவ்வளவு கொடியதல்ல என்று நினைத்து வெறுங்கையால் கலக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் குளோரோதலோனிலுக்கு 2019இலும் மேங்கோசெப்புக்கு 2020இலும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது, மனித உடல்நலம் பற்றிய கவலையும் காரணமாகத்தான்.

வாங்கும் புட்டியில் எல்ஆர்எம்பி என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான மருந்துக்குத்தான் அது உண்டு. லேபல் இல்லாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நடமாடும் பொது நடைபாதையில் அடிக்காதீர்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மீந்த மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி ஒருநாளும் எடுத்து வைக்காதீர்கள்.